இறந்தவன் போட்ட வரிக் கணக்கு

செத்துப்போனவர்கள் செய்யாத வேலைகள் என்று எழுத உட்கார்ந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதை முதல் வரியிலேயே எழுதிவிடலாம் என்றுதான் டெக்ஸ்டர் பூன் அன்று காலை வரை நம்பியிருந்தான். கோரா லிண்ட்வாலின் சமையலறைக்குள் நுழைந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

மார்ச் மாதம். வெளியே பனி அழுக்காகிக் கரைந்துகொண்டிருந்தது. கோரா கறுப்பு முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். ஐம்பது வயதுக்காரி, கண்ணைப் பார்த்தால் எழுபது. ஒரே மகன் எமெட். இருபது வயது. ஜனவரியில் கேரிபூ ஏரியின் பனி மேல் வண்டி ஓட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போனவன். பனி உடைந்து வண்டி உள்ளே போனது. முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. வசந்தத்தில் பனி உருகினால் உடல் மேலே வரும் என்று ஷெரிப் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

போன வருஷத்துக் கணக்கைக் கோரா முந்தின வாரம் போட்டிருக்கிறாள். எப்போதும் போல, வரிச் சலுகை தரும் சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் மகன் பெயரைப் போட்டிருக்கிறாள். போன வருஷம் முழுக்க அவன் உயிரோடு இருந்தான், அவள் வீட்டில் இருந்தான், அவள் போட்ட சோற்றைத் தின்றான். சட்டப்படி சரி. ஆனால் கணக்கு ஒரு நாளில் திரும்பி வந்துவிட்டது. இந்த வரி எண்ணுக்கு உரியவர் ஏற்கெனவே தன் பெயரில் கணக்குப் போட்டுவிட்டார். தாம் யாரையும் சார்ந்தவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் இருந்தது அந்தத் தகவலில்.

"செத்த புள்ள பேர்ல எவனோ திருடறான்," என்றாள் கோரா. "பணம் போனா போகட்டும். அவன் பேரைத் தொட்டவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

டெக்ஸ்டரின் முதலாளி ஹில்டா மாரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து சொச்சம் வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது டுலூத் நகரத்தில் மாடியறை ஒன்றில் சொந்தமாகத் துப்பறிகிறாள். டெக்ஸ்டர் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன். கொள்ளைநோய் வந்து விடுதியை மூடியதும் வேலை போய், நிவாரணப் பணம் முழுவதும் பழைய காரின் கியர்பெட்டிக்குள் போய், கடைசியில் ஹில்டாவிடம் வந்து சேர்ந்தவன். வாய் மட்டும் எங்கேயும் போகவில்லை.

"போன வசந்தத்துல நிவாரணப் பணம் வந்தப்போ எமெட்டுக்கு வந்துச்சா?" ஹில்டா கேட்டாள்.

கோரா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கிறது. அவன் நண்பர்களில் பாதிப் பேருக்குத் தலைக்கு ஆயிரத்து இருநூறு டாலர் வந்தது. அவனுக்கு வரவில்லை, ஏனென்றால் அம்மாவின் கணக்கில் அவன் பெயர் இருந்தது. அவன் சின்னப் பிள்ளையும் இல்லை என்பதால் அவன் பேரைச் சொல்லி அவளுக்கும் ஒன்றும் வரவில்லை. இரண்டுங்கெட்டான் வயசுப் பிள்ளைகளை அரசாங்கம் அந்த வருஷம் அப்படித்தான் அந்தரத்தில் விட்டது. டிசம்பர் கடைசியில் அறிவித்த அறுநூறும் அதே கதைதான். தன் பணத்தில் பாதியைத் தருகிறேன் என்றாளாம் கோரா. பணத்துக்காகக் கேட்கவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டானாம்.

ஹில்டா குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்த உறையைக் காட்டினாள். எமெட் கோடையில் வேலை பார்த்த மீன் கடையிலிருந்து வந்த வருஷச் சம்பளச் சான்று. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பிரிக்க மனசு வரவில்லை, நீங்களே பிரியுங்கள் என்றாள் கோரா. சம்பளத்தில் வரிக்காகப் பிடித்தது நானூற்று முப்பத்தொரு டாலர் என்று அதில் இருந்தது.

"டெக்ஸ், ரீஃபண்ட் எங்க இருக்குன்னு பாக்கற பக்கத்தைத் திற."

வரித்துறையின் அந்தப் பக்கம் மூன்று கேள்விதான் கேட்கும். உன் எண் என்ன, கல்யாணம் ஆனவனா இல்லையா, உனக்குத் திரும்ப வரவேண்டிய பணம் எவ்வளவு. பணம் ஒரு டாலர் பிசகினாலும் போய்விட்டு வா என்று சொல்லிவிடும். அடுத்தவன் கணக்கை இப்படிப் பார்ப்பது சரியா என்று டெக்ஸ்டர் கேட்க நினைத்தான். ஹில்டாவின் முகத்தைப் பார்த்து நினைப்பை விழுங்கிக்கொண்டான்.

நானூற்று முப்பத்தொன்று என்று போட்டான். இல்லை என்றது. இரண்டு நிவாரணத்தையும் கூட்டி ஆயிரத்து எண்ணூறு என்று போட்டான். இல்லை என்றது.

"ரெண்டையும் கூட்டிப் போடு," என்றாள் ஹில்டா.

கூட்டிப் போட்டான். கதவு திறந்தது. ரீஃபண்டுக்கான செக் தபாலில் அனுப்பப்பட்டுவிட்டது என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது. கோரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். திருடனை ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹில்டா கிளம்பினாள்.

காரில் ஏறியதும் டெக்ஸ்டருக்கு வாய் அரித்தது. "பாஸ், லாட்டரி சீட்டு வாங்கப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"அது லாட்டரி இல்ல. ஊர் பேர் தெரியாத திருடன் ஒருத்தன் அந்தப் பையன் எண்ணைத் திருடினா என்ன நினைப்பான்? இருபது வயசுக்காரன், நாட்டுல எல்லாருக்கும் வந்த மாதிரி இவனுக்கும் நிவாரணம் வந்திருக்கும்னு நினைப்பான். வந்தவங்க கணக்குல மறுபடி கேக்க முடியாது. கேட்டா மாட்டிப்பான். இவன் ரெண்டையும் முழுசா கேட்டிருக்கான். அப்படின்னா, அந்தப் பையனுக்கு ஒரு காசு வரலைன்னு இவனுக்குத் தெரியும். சம்பளத்துல பிடிச்சது எவ்வளவுன்னும் டாலர் சுத்தமா தெரியும்."

"சான்று ஒட்டின உறைக்குள்ள இருந்துச்சு. அப்ப அந்தத் தொகையைத் தெரிஞ்சவன், பிடிச்சவன். மீன் கடைக்காரன்." டெக்ஸ்டர் ஸ்டீயரிங்கைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாடும் அங்கேயே முடிச்சிடலாம்."

ஹில்டா ஜன்னல் வழியாகப் பைன் மரங்களைப் பார்த்தாள். அந்தத் தொகை இன்னொருத்தருக்கும் தெரியும் என்றாள்.

டெக்ஸ்டருக்கு அவள் சொல்வது புரியக் கொஞ்ச தூரம் ஆனது. புரிந்ததும் அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் அந்தம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"உடம்பு கிடைக்கல, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். உயிரோட இருக்கலாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லி, நாளைக்கு இல்லைன்னு ஆச்சுன்னா? அந்தம்மா ஒரு தடவைதான் புள்ளையப் பறிகொடுத்திருக்கா. ரெண்டாவது தடவை என் வாயால பறிகொடுக்க வேண்டாம்."

டெக்ஸ்டர் வண்டியை ஏரிக்கரைச் சாலையில் திருப்பினான். சுப்பீரியர் ஏரி கடல் மாதிரி கிடந்தது. கரையில் பனிப்பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பெற்ற தாய்க்கு மகன் இருக்கிறானா இல்லையா என்ற ஒரு கேள்வி தன் பழைய காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வருவதாக டெக்ஸ்டருக்குத் தோன்றியது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

எமெட் வேலை பார்த்த ஓர்வில் ஹாகனின் மீன் கடை சாலையோரத்தில் ஒரு சிவப்புக் கொட்டகை. மீன் வாட்டும் மேப்பிள் விறகுப் புகை வாசனை காருக்குள்ளேயே வந்து வயிற்றைப் பிடித்து இழுத்தது. கல்லாவில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். கண்ணுக்கு மேலே கம்பளித் தொப்பி, கண்ணுக்குக் கீழே முகக்கவசம், கழுத்திலிருந்து ரப்பர் ஏப்ரன். அந்த வருஷம் ஊரில் எல்லோருமே இரண்டு கண்ணாகத்தான் திரிந்தார்கள்.

"எதைத் தின்னா என் கவலை தீரும்?" என்று கேட்டான் டெக்ஸ்டர்.

"வெள்ளை மீன் வாங்குங்க. கவலை தீராது, வயிறு ரொம்பும்," என்றான் இளைஞன். பையன் தேவலையே என்று நினைத்துக்கொண்டான் டெக்ஸ்டர்.

ஓர்வில் ஹாகன் புகையறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர், முகக்கவசத்துக்கு அடங்காத நரைத்த தாடி. டானி, இவர்களைக் கவனி என்று இளைஞனிடம் சொன்னார். ஹில்டா தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். போன கோடையில் உங்களிடம் வேலை பார்த்து, ஏரியில் போன பையனின் அம்மாவுக்காக வந்திருக்கிறேன் என்றாள். ஓர்வில்லின் கை துணியில் அப்படியே நின்றது. பாவம் என்றார். சம்பளச் சான்றையும் ஓர் அனுதாப அட்டையையும் அவளுக்கு அனுப்பினேன் என்றார். சான்றின் நகல் வேறு யாருக்காவது போனதா என்று ஹில்டா கேட்டபோது, இல்லை என்று சொல்லக் கொஞ்சம் அதிகமாகவே அவசரப்பட்டார். டெக்ஸ்டர் ஹில்டாவை அர்த்தத்தோடு பார்த்தான்.

அப்போதுதான் ஹில்டா தூண்டிலைப் போட்டாள்.

"எவனோ அந்தப் பையன் பேர்ல நிவாரணப் பணத்தை வாங்கிட்டான். அது கூடப் போகட்டும். இப்ப அந்தப் பணத்துக்கு வருமான வரி யார் கட்டறது? அம்மா தலையிலதான் விழும் போல. பயந்து போயிருக்காங்க."

ஓர்வில்லின் கண் விரிந்தது. அடக் கடவுளே, எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று பதறினார். தேவைப்பட்டால் தானே கொஞ்சம் தருகிறேன் என்று பர்ஸைத் தடவ ஆரம்பித்துவிட்டார். திருடன் பதறுகிற பதற்றமா அது என்று டெக்ஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. திருடனாக இருந்தால் நன்றாக நடிக்கத் தெரிந்த திருடன்.

"அது வருமானம் இல்லைங்க." கல்லாவில் இருந்த இளைஞன் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னான். "அதுக்கு வரி கிடையாது. வாங்காம விட்டவங்க கணக்குல கேட்டு வாங்கிக்கலாம், அவ்வளவுதான். அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா தூங்க மாட்டாங்க."

"நீ ஏம்ப்பா மீன் சுத்திட்டு இருக்க? ஒரு மேசை போட்டு உக்காந்தா ஊர்ல பாதிப் பேர் வரிக் கணக்கு உன்கிட்டதான்," என்றான் டெக்ஸ்டர். இளைஞன் சிரித்தது கண்ணில் தெரிந்தது. மீனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

டெக்ஸ்டர் காரில் ஏறிய உடனே பொட்டலத்தைப் பிரித்தான். "கிழவர் திருடனில்ல, பாஸ். திருடினவன் அது வரி கட்ட வேண்டிய பணமா இல்லையான்னு தெரியாமயா இருப்பான்? அந்தத் தூண்டில் நமக்கு வீணாப் போச்சு. ஆனா மீன் வீணாகல."

ஹில்டா மீனைத் தொடவில்லை. "இந்த மாசம் முழுக்க அந்தக் கேள்வியை எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பேன்? முடி வெட்டறவ, என் தங்கச்சி, வீட்டுக்காரர். நிவாரணத்துக்கு வரி உண்டுன்னு சொன்னவங்கதான் எல்லாரும். நீ கூட."

"நான் இன்னும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

"கணக்குல அந்தச் சலுகையைக் கேட்டு எழுதினவங்களுக்குத்தான் அது சட்டுனு வாயில வரும். தூண்டில் போட்டது கிழவருக்கு. கடிச்சது வேற."

டெக்ஸ்டர் வாயில் இருந்த மீனை மெல்லாமல் நிறுத்தினான்.

"இன்னொண்ணு," என்றாள் ஹில்டா. "அந்தம்மா பயந்திருக்காங்கன்னுதான் நான் சொன்னேன். தூங்க மாட்டாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

காரின் முன்பெட்டியில் கோரா கொடுத்த எமெட்டின் போட்டோ இருந்தது. டெக்ஸ்டர் அதை எடுத்து, மூக்குக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மறைத்தான். நெற்றியை ஆள்காட்டி விரலால் மறைத்தான். நடுவில் இரண்டு கண்கள் மிச்சம் இருந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் கிண்டலுக்குச் சிரித்த கண்கள். போட்டோவைத் திரும்ப உள்ளே வைத்தான். ஒரு பையன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்தால் சந்தோஷம் வரவேண்டும். அவனுக்குக் கோபம்தான் வந்தது.

கடைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் அந்த 'டானி'யைப் பிடித்தார்கள். ஓடவில்லை. ஓர்வில் கதவருகில் வந்து நின்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்குப் போன் பண்ணுடா என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இவன் கேட்கவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். சான்றின் நகலை அவனுக்குக் கொடுத்தது அவர்தான். செக் வந்ததும் அவர் முகவரிக்குத்தான்.

எமெட் முகக்கவசத்தைக் கழற்றினான். தாடி முளைத்திருந்தது. அதற்குள்ளே போட்டோவில் இருந்த பையன் இருந்தான்.

சாக வேண்டும் என்றோ செத்ததாகக் காட்ட வேண்டும் என்றோ அவன் கிளம்பிப் போகவில்லை. பனி உடைந்தபோது ஜன்னல் வழியாக வெளியே வந்து, மீன் குத்தும் கம்பியைப் பனியில் ஊன்றி ஊன்றி மேலே ஏறியிருக்கிறான். சாலைக்கு வந்து, வந்த லாரியை நிறுத்தி ஏறியிருக்கிறான். லாரிக்காரர் ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு, யாருக்காவது போன் பண்ணணுமா என்று கேட்டிருக்கிறார். போன் ஏரிக்குள் போயிருந்தது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக அது அடிக்கவில்லை.

"அப்பா போனதுக்கப்புறம் அம்மா மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க. வகுப்புல இருந்தா, வேலையில இருந்தா, எங்க இருந்தாலும். எடுக்கலைன்னா மூச்சுத் திணறும், ஆம்புலன்ஸ் வரும். நான் காலேஜைப் பாதியில விட்டுட்டு வீட்டுக்கு வந்ததுக்குக் கொள்ளைநோய்தான் காரணம்னு எல்லாரும் நினைச்சாங்க." அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காகிதத்துல நான் அவங்களைச் சார்ந்தவன். வீட்டுல அவங்கதான் என்னைச் சார்ந்தவங்க. அந்த லாரியில வேண்டாம்னு தலையாட்டினேன். ஒரு நாள்தான்னு நினைச்சு ஓர்வில்கிட்ட வந்து இறங்கினேன்."

ஹில்டா குரலை உயர்த்தவில்லை. உனக்காக ஆட்கள் பனிக்கு அடியில் இறங்கினார்கள், அதில் ஒருத்தன் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்று சொன்னாள். நினைவுக்கூட்டம் நடந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றான். கொள்ளைநோய்க் காலம் என்பதால் கூட்டத்தைக் கம்ப்யூட்டரில்தான் நடத்தினார்கள். அவனும் பெயர் போடாமல் உள்ளே போயிருக்கிறான். தன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிவதைப் பார்த்திருக்கிறான். "அம்மா பேச வந்து, பேச முடியாம நின்னாங்க. மியூட்டை எடுக்கக் கை போச்சு. எடுத்திருந்தா மறுபடி அந்த வீட்டுக்குள்ளதான் போயிருப்பேன். அப்புறம் வெளிய வந்திருக்கவே மாட்டேன்."

டெக்ஸ்டருக்கு ஏதாவது கேலியாகச் சொல்லி இந்தக் கனத்தை இறக்கி வைக்க வேண்டும் போல் இருந்தது. இத்தனை ஜாக்கிரதையாக ஒளிந்தவன் போயும் போயும் நிவாரணப் பணத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டாயே என்று மட்டும் கேட்டான்.

"பாதி பணத்துக்குத்தான். படகு கட்டற பள்ளிக்கூடம் ஒண்ணு கிழக்கே இருக்கு, அதுக்கு வேணும். மீதி அந்தக் கேள்விக்காக. வேறு யாராவது உங்களைத் தம்மைச் சார்ந்தவர் என்று காட்ட முடியுமான்னு ஒரு கேள்வி வரும் பாருங்க. போன வருஷம் ஆமான்னு போட்டேன். இந்த வருஷம் இல்லைன்னு போட்டேன். போட்டுட்டு அழுதேன்."

"தப்பாப் போட்டிருக்க," என்றாள் ஹில்டா. "சட்டம் உன் மனசைக் கேக்கல. போன வருஷம் மாணவன், அம்மா வீடு, அம்மா சோறு. நீ அவங்களைச் சார்ந்தவன்தான். அவங்க உன் பேரைப் போட்டுத் தபால்ல கணக்கு அனுப்பினா, வரித்துறை ரெண்டு பேருக்கும் ஓலை அனுப்பும். ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு, யாருது சரின்னு கேக்கும். பதில் சொல்ல நீ வெளிய வந்தாகணும். பணத்தையும் திருப்பித் தரணும்."

அவன் முகம் வெளுத்தது. அம்மாவிடம் திருடன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டான். முடியாது என்றாள் ஹில்டா. நீ உயிரோடு இருப்பதைச் சொல்வேன், இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டேன், அதற்கு மேல் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதே என்றாள். அம்மாவிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று டெக்ஸ்டர் கேட்டான். அவன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பிப் போனான்.

மாலையில் கோராவின் சமையலறையில் ஹில்டா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. திருடன் இல்லை, உங்கள் மகனே போட்ட கணக்கு அது, அவன் உயிரோடு இருக்கிறான், நான் கண்ணால் பார்த்தேன் என்றாள்.

கோரா அழுவாள் என்று டெக்ஸ்டர் நினைத்தான். அழவில்லை. மேசையைத் துடைக்கும் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். எங்கே என்று கேட்டாள். சொல்வதற்கில்லை என்றாள் ஹில்டா. வருகிறானா என்று கேட்டாள். அதை அவன் சொல்லவில்லை என்றாள் ஹில்டா.

"அப்ப இத்தனை நாளா நான் யாருக்கு அழுதேன்?" என்றாள் கோரா.

பிறகு கோபம் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து டெக்ஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தினம் ஏரிக்கரையில் போய் நின்றதைச் சொன்னாள். ஷெரிப் சொன்ன வார்த்தையைச் சொன்னாள். பெற்று வளர்த்தவள் அவன் பெயரைப் போடக்கூடாது என்றால் வேறு எவள் போடுவாள் என்று கேட்டாள். தபாலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஹில்டா மறைக்கவில்லை. உரிமை உங்கள் பக்கம்தான், வரித்துறை அவனைக் கூப்பிட்டுக் கேட்கும், அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றாள்.

கோரா இழுப்பறையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

ஹில்டா தயங்கினாள். அவள் தயங்கி டெக்ஸ்டர் பார்த்ததில்லை. "சொன்னா வலிக்கும், கோரா."

"இதுக்கு மேலயா?"

அவன் சொன்னதை ஹில்டா அவன் வார்த்தையிலேயே சொன்னாள். காகிதத்தில் யார் யாரைச் சார்ந்தவர், வீட்டில் யார் யாரைச் சார்ந்தவர் என்று. கூடக் குறைய ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தாய் மேல் ஒரு பிள்ளை சொன்ன குற்றச்சாட்டை மூன்றாம் மனுஷியின் வாயால் கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. கோராவின் கை தன்னையறியாமல் போனைத் தேடி மேசை மேல் போனது. எடுத்து யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் பையன் சொன்னது முழுக்க நிஜம் என்று டெக்ஸ்டருக்குப் புரிந்தது. அவளும் பாவம் என்பதும் அதே நேரத்தில் புரிந்தது.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டரைத் திறங்க," என்றாள் கொஞ்சம் கழித்து. "என்னால அதைத் தொட முடியல. நான் சொல்றதை நீங்க போடுங்க."

டெக்ஸ்டர் உட்கார்ந்தான். திரும்பி வந்த கணக்கு அப்படியே இருந்தது. சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் எமெட் லிண்ட்வால், மகன். அதை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டால் உங்களுக்கும் கொஞ்சம் நஷ்டம், அவனுக்கும் அது சரியான கணக்கு ஆகிவிடாது, ஆனால் உங்கள் கணக்கால் அவனை யாரும் தேடிப் போகமாட்டார்கள் என்று ஹில்டா ஒருமுறை விளக்கினாள். எடுக்கச் சொல்லித்தானே சொன்னேன் என்றாள் கோரா.

அழுத்தினான். இந்த நபரை நிச்சயமாக நீக்க விரும்புகிறீர்களா என்று கேட்டது அந்த மடத்தனமான மென்பொருள். ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்கிற கேள்வி, இவளிடமும் கேட்டது. டெக்ஸ்டர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அவளே எட்டிப் பார்த்துப் படித்தாள். ஆம் என்ற இடத்தைக் கண்ணால் காட்டினாள்.

பெயர் போனது. ஆளைக் கழித்துவிட்டதால், கணக்கு மறுபடி முதல் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்க ஆரம்பித்தது. பெயர் சரியா, முகவரி சரியா என்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக்கொண்டே வந்த டெக்ஸ்டர், அடுத்த கேள்வி வந்ததும் நிறுத்தினான். இதற்கு எல்லோரும் யோசிக்காமல் பதில் போடுவார்கள். அவனாகவே போட்டிருக்கலாம். ஆனால் இதை அவளைக் கேட்காமல் போடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

"இதுல என்ன போடட்டும்?" என்று கேட்டு, படித்தான். "வேறு யாராவது உங்களைத் தம்மைச் சார்ந்தவர் என்று காட்ட முடியுமா?"

கோரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. அதைத் துடைக்காமல் திரையைப் பார்த்தாள்.

"முடியாது," என்றாள். "இல்லைன்னு போடுங்க, தம்பி."